இரண்டு மடங்கு பென்ஷன்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய ரயிலில், ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் இருவருக்கும் ரிட்டயர்மென்ட்.

“ஒண்ணாத்தான வேலைக்கு சேர்ந்தோம், தாமஸு? உனுக்கு மட்டும் எப்படிடா ரெண்டு மடங்கு பென்ஷன்?” என்றார் மெலிந்தவர்.

“பழைய கம்பெனிய மூடுனப்போ நீ பென்ஷன் பணத்த எடுத்துக்கின, ஏழுமல. அந்த வருஷமெல்லாம் உனுக்கு சர்வீஸ்ல சேராது. நான் எடுக்கல, எனக்கு சேருது.”

“நீ இன்னா அவ்ளோ பெரிய புத்திசாலியா?”

“இல்லப்பா. எனக்கும் எடுக்க ஆசதான். ஃபார்ம் எழுதித் தாடான்னு உன் ஊட்டுக்கு மூணு வாட்டி வந்தேன். நீதான் நேரமில்லன்னுட்ட.”

ஏழுமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நேரமெல்லாம் இருந்துச்சு. என்ன மாதிரியே நீயும் அந்தப் பணத்துல பைக் வாங்கிடுவன்னு வவுறு எரிஞ்சுது.”