மாடிக் கதவில் மூன்று வார்த்தை

மூணு தடவ வந்து மேல ஏறிக் கதவப் பாத்துட்டீங்க, போட்டோவும் கையில வெச்சிருக்கீங்க, அப்புறம் என்னா சார் என்னியக் கேக்கறதுக்கு இருக்குது? சரி, ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்பிடி வாங்க. டீ சொல்லட்டுமா? வேணாமா. ஜட்ஜா இருந்து ரிட்டையர் ஆனவரு, விசாரணைக்குப் போற வூட்ல தண்ணி கூடக் குடிக்க மாட்டாருன்னு காலேஜ் கிளார்க்கு சொன்னாரு. என் டீயக் குடிச்சிட்டு என் பக்கம் சாஞ்சிடுவீங்கன்னு நான் நெனக்கல. யார் பக்கம் சாஞ்சிக்கினு வந்திருக்கீங்கன்னுதான் எனக்குத் தெரியணும்.

கோவிச்சிக்காதீங்க. உங்கள இதுக்குப் போட்டது காலேஜ் கமிட்டி. அந்தக் கமிட்டியில எம்புள்ள கூடப் படிக்கற முருகேசனோட மாமன் ஒக்காந்துக்கினு இருக்காரு. அதையும் எழுதிக்குவீங்களா? பேனா அப்பிடியே நிக்குது பாருங்க.

எழுதறத எழுதுங்க. பேரு கலியாணசுந்தரம். பட்டுப் பொடவைக்கு டிசைன் போடறவன். கிராப் பேப்பர்ல கட்டம் கட்டமா கலரு நெரப்புவேன். ஒரு கட்டம்னா ஒரு இழை. அதப் பாத்து பாஷா அட்டையில ஓட்ட போடுவான், அட்ட தறியில ஏறும், பொடவையில மயில் வரும். முப்பது வருசமா இந்தப் பிள்ளையார்பாளையத்துல இதான் வேல. கல்யாணப் பொடவ முந்தியில பொண்ணு பேரு, மாப்ள பேரு நெய்யச் சொல்றாங்க இல்ல, அந்த எழுத்தும் நான் போடறதுதான்.

ஆனந்தகுமாரு என் ஒரே புள்ள. ரெண்டாவது வருசம் முடிச்சிட்டான். மூணாவது வருசத்துக்கு உள்ள வுடறதா, டி.சி.யக் கையில குடுத்து வெளிய தள்றதான்னு நீங்க எழுதற பேப்பர்தான் சொல்லும். காரணத்த அதுல எழுதிட்டாங்கன்னா அப்புறம் எந்தக் காலேஜு சேத்துக்கும்? என்ன மாதிரி கட்டத்துக்குக் கலரு அடிக்க வேண்டியதுதான். அது தெரிஞ்சிதான் பேசிக்கினு இருக்கேன்.

ஆமா சார், கதவுல இருக்கற பெயிண்டு அவன் வாங்கினது. யாரு இல்லன்னா? போர்டு எழுதறதுக்கு ரெண்டு டப்பா செவப்பு வாங்கினான், மிச்சம் பின்னாடி தொட்டிகிட்ட கெடந்துச்சி. பிரஷ்ஷும் அங்கியேதான். அந்த சந்துல படிக்கட்டு வெளிப்பக்கமாத்தான ஏறுது. யார் வேணும்னாலும் எடுக்கலாம், யார் வேணும்னாலும் ஏறலாம். சந்துல பூன வந்தாக்கூட எங்களுக்குத் தெரியாது.

மிஸ்ஸு எப்பிடி வந்தாங்கன்னா, போன வருசம் ஜூலையில. கெமிஸ்ட்ரிக்குப் புதுசா வந்த லெக்சரருன்னு சொல்லி, மாடி போர்ஷன் கேட்டாங்க. சுமன் நாகாவ்கர். பம்பாய் பக்கத்துல தானேன்னு ஒரு ஊராம். ஊருப் பேரே அதுதான். மராட்டிக்காரங்கன்னு நெனச்சிக்கினோம். என்னா சாப்பிடுவீங்கன்னு கேட்டேன், சைவம்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல. இப்போ வாடகைக்கு யாராவது வந்தா பாட்டன் பூட்டன் பேரெல்லாம் கேக்கறேன்.

என் சம்சாரம் கலாவதிக்கு அவங்கள ரொம்பப் புடிச்சிப் போச்சி. ஏன்னா வெள்ளிக்கெழம பொழுது சாயற நேரத்துக்கு டாண்ணு ரெண்டு வெளக்கு ஏத்துவாங்க. எண்ணெய் ஊத்தி, திரி போட்டு, கண்ண மூடிக்கினு ஏதோ சொல்லுவாங்க. நம்ம வூட்டுப் பழக்கம் அப்பிடியே இருக்குதுங்கன்னு வந்து சொல்றா. சனிக்கெழம அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க, பஸ்ஸு ஏற மாட்டாங்க, பேனாவத் தொட மாட்டாங்க. சனிக்கெழம காலேஜுன்னா லீவு போட்டுட்டு ஞாயித்துக்கெழம லேப்ல போயி வேல செய்வாங்க. பெருமாளுக்கு வெரதம்னு கலாவதி தெரு பூரா சொல்லிட்டா. சாயங்காலம் துளசி தண்ணி வேற கொண்டாந்து குடுப்பா. அவங்களும் சிரிச்சிக்கினே வாங்கிக்குவாங்க. இல்லம்மா, நாங்க வேறன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? மறச்சாங்கன்னு சொல்ல வரல. கேட்டாத்தான சொல்றதுக்கு.

நான் எப்பிடித் தெரிஞ்சிக்கினேன்னா, மாசி மாசம் ஒரு லெட்டர் வந்துச்சி. போஸ்ட்மேன் எங்கிட்ட குடுத்தான். ஸ்டாம்பப் பாத்தேன், படம் நல்லா இருந்துச்சி. டிசைன் போடறவன் சார், படம்னா பாப்பேன். எந்த ஊரு ஸ்டாம்புன்னு தெரியல, டீக்கடைக்கு எடுத்துக்கினு போனேன். அங்க ஒக்காந்திருந்தான் முருகேசன். எம்புள்ள கிளாஸு. வாங்கிப் பாத்துட்டு, இது இஸ்ரேல்னான்.

அதுல என்னா தப்பு இருக்குது? நான் பிரிக்கல. ஒட்டினது ஒட்டினபடி கொண்டுபோய்க் குடுத்தேன். அவங்களே சொன்னாங்க, எங்க அத்த அங்க போயிட்டாங்க சார், நாங்க யூதருங்க, எங்க ஆளுங்க அந்தக் கடலோரத்துல ரெண்டாயிரம் வருசமா இருக்கறதா சொல்லுவாங்க, நான் அந்த நாட்டப் பாத்ததில்லன்னு. நானும் கேட்டுக்கினேன். யூதருன்னா எனக்கு என்னா தெரியும்? பேப்பர்ல படிச்சதுதான்.

இன்னும் ஒண்ணு சொல்றேன். அந்த லெட்டர் வந்ததுக்கு அப்புறம்தான் அவங்க எங்கிட்ட ஒரு டிசைன் கேட்டாங்க. வெள்ளிக்கெழம ரொட்டி மேல மூடற துணிக்கு மூணு எழுத்து. அவங்க வேத எழுத்து. சனிக்கெழமன்னு அர்த்தமாம். பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க. சார், நம்ம தமிழ் எழுத்தக் கட்டத்துல போடறதுக்குள்ள உசிரு போயிடும். எல்லாம் சுழி, எல்லாம் வளைவு. வளைவ படிக்கட்டு படிக்கட்டா ஒடைக்கணும். அந்த மூணு எழுத்து இருக்குது பாருங்க, கட்டத்துக்குன்னே பொறந்த மாதிரி சதுரமா நின்னுச்சி. அர மணி நேரத்துல முடிச்சிட்டேன். என் கைக்கு ஏத்த எழுத்து உங்களுதுதாம்மான்னு சொன்னேன். தறி ஒண்ணும் காலியா இல்ல, அது அப்பிடியே நின்னு போச்சி. பேப்பர் இங்கதான் இருக்குது, பொட்டியில.

அப்புறம் ஏப்ரல். டி.வி.யில தெனம் இஸ்ரேல் டேங்கு, இடிஞ்ச வூடு, அழுவற பொம்பளைங்க. எம்புள்ளயால சோறு எறங்கல. கூட்டம் போட்டான், போர்டு எழுதினான். இஸ்ரேலே வெளியேறுன்னு காலேஜ் சொவுத்துல எழுதினது அவன்தான், ஒத்துக்கறான். அந்த ஊரத் தாக்கறவன அந்த ஊர வுட்டுப் போன்னு சொல்றது. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நோட்டீசுல முருகேசன் யூதருங்க ரத்தத்துலயே அப்பிடித்தான்னு ஒரு வரி சேத்தான். எம்புள்ளதான் அதக் கோடு போட்டு அடிச்சான். நம்ம சண்ட அந்த கவர்மெண்ட்டோடன்னு சொல்லியிருக்கான். அடிச்ச பேப்பர் எங்கிட்ட இருக்குது, வேணுமா? வெச்சிக்குங்க.

ஆனா அவனும் ஒண்ணு பண்ணான், அத மறைக்க மாட்டேன். முருகேசன் தெனம் மிஸ்ஸு கிளாசுக்கு வர்றதுக்கு முன்னாடி போர்டுல ஒரு நம்பர் எழுதி வெப்பான். நேத்து எத்தினி பேர் செத்தாங்கன்னு. வேற எந்த லெக்சரர் கிளாசுலயும் எழுத மாட்டான். மிஸ்ஸு அழிச்சிட்டுப் பாடம் நடத்துவாங்க. அப்புறம் உளவாளின்னான். அப்புறம் ஒரு பேப்பர் தயார் பண்ணான், அந்த நாட்ட நான் கண்டிக்கறேன்னு மிஸ்ஸு கையெழுத்துப் போட்டாத்தான் கிளாசுக்கு வருவோம்னு. அத மேல எடுத்துக்கினு போய் நீட்டினவன் எம்புள்ள. ஒரே வூட்ல இருக்கறான்னு அவன அனுப்பினாங்க. மிஸ்ஸு படிச்சாங்க. டி.வி.யப் பாத்து நானும்தான்பா அழுதேன், நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஆனா இதுல கையெழுத்துப் போட்டாத்தான் நான் டீச்சருன்னா போட மாட்டேன், காலேஜுல வேற யார்கிட்ட இந்தப் பேப்பர நீட்டினீங்கன்னு கேட்டாங்க. பேப்பர அப்பிடியே எடுத்துக்கினு கீழ எறங்கி வந்தான். மறுநாளு அவன் மட்டும் கிளாசுக்குப் போனான். அவன் ஒருத்தனுக்கு நடத்தினாங்க.

நீங்க சொல்லுங்க, அவனா போய்க் கதவுல எழுதுவான்?

என்னா எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லியான்னு கேக்கறீங்களா. இருந்துச்சி. மப்டியில ரெண்டு பேர் வந்தாங்க. யார் வர்றா, யார் போறா, லெட்டர் எங்கேர்ந்து வருதுன்னு. டீக்கடையில, உளவுக்கு வூடு வுட்டிருக்கறியா கலியாணம்னு கேலி. டிசைன் வாங்க வர்ற முதலாளி ஒருத்தரு வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிட்டாரு. எவனாவது குண்டு வெச்சிட்டான்னா? காலி பண்ணச் சொல்லுன்னு கலாவதிகிட்ட சொன்னேன். அவ என்ன ஒரு மாதிரி பாத்தா. வெளக்கு ஏத்தற பொண்ண நான் போவச் சொல்ல மாட்டேன், உனக்கு வோணும்னா உன் வாயால நீயே சொல்லுன்னா. நானும் ரெண்டு வாட்டி படியேறினேன். சார் வாங்கன்னு கூப்பிட்டு நாற்காலி போடுவாங்க. எறங்கி வந்துடுவேன்.

கதவுல எழுதினது அந்த வெள்ளிக்கெழம மத்தியானம்தான். கரண்டு இல்ல. கலாவதி காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிட்டா. மிஸ்ஸு காலேஜுல. பையன் லைப்ரரில இருந்தேங்கறான், யாரும் பாக்கலங்கறாங்க. நானா? வூட்லதான். சத்தம் ஒண்ணும் கேக்கல. பிரஷ்ஷுக்கு என்னா சத்தம் வரும்?

அஞ்சு மணிக்கு மிஸ்ஸு வந்து மாடிக்குப் போனாங்க. வெளக்கு வெக்கற நேரமாச்சி, மேல வெளிச்சம் தெரியலன்னு கலாவதி ஏறிப் போனா. படியில ஒக்காந்திருக்காங்க, கதவுக்கு முதுகக் காட்டிக்கினு. கதவுல யூதக் கூட்டமே வெளியேறு. ஒத்தப் பொம்பள சார் அவங்க, கூட்டம் எங்கேர்ந்து வந்துச்சி? கலாவதி கையப் புடிச்சி இட்டுக்கினு வந்துட்டா. எங்க சாமி மாடத்துக்குப் பக்கத்துல அந்த ரெண்டு வெளக்கையும் ஏத்தினாங்க. நான் இங்கதான் ஒக்காந்திருந்தேன், இதே எடத்துல.

மறுநாளு போயிடுவாங்கன்னு இருந்தேன். போவல. காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சி, சனிக்கெழம வண்டி ஏற மாட்டாங்க இல்ல. ஒரு பகல் பூரா அந்தக் கதவ மூடிக்கினு உள்ள இருந்தாங்க. எழுதினது வெளிப்பக்கம், அவங்க உள்பக்கம்.

போலீசு மொதல்ல யார இட்டுக்கினு போச்சி தெரியுமா? அட்ட அடிக்கிற பாஷாவ. பேருதான் காரணம், வேற என்னா. காலையில போனவன் சாயங்காலம் வந்தான். நான் போய் ஒரு வார்த்த சொல்லல. இப்பவும் என் அட்டைய அவன்தான் அடிக்கிறான். ஒண்ணும் கேக்கல.

எம்புள்ளயும் கேக்கல. சனிக்கெழம காலையில மேல போய்க் கதவு முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். எட்டு வயசுலேர்ந்து என் பக்கத்துல ஒக்காந்து கட்டம் நெரப்பினவன். எறங்கி வந்து என்னப் பாத்தான். அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சு இல்ல. உங்ககிட்டயும் பேசலியாமே, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டானாமே. அதுதான் உங்களுக்குச் சந்தேகம். தப்பு பண்ணவன்தான் வாய மூடிக்குவான்னு நெனக்கறீங்க.

ஞாயித்துக்கெழம ஆட்டோ வந்துச்சி. கலாவதி அழுதா. மிஸ்ஸு எங்கிட்ட வந்து, அந்த மூணு எழுத்து பேப்பர் உங்ககிட்டயே இருக்கட்டும் சார்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. கோவமா கூடச் சொல்லல.

முடிஞ்சிதா? படிச்சிக் காட்டறீங்களா, படிங்க. ம். ம். அது சரி. நில்லுங்க, கடைசியில என்னா போட்டிருக்கீங்க? கதவுல எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னா? நான் அப்பிடிச் சொல்லலியே சார். எம்புள்ள எழுதலன்னுதான் சொன்னேன். அந்த வரிய அடிச்சிடுங்க.

காலி பண்ணுங்கன்னு நேரா சொல்ல வாய் வரல சார். ஊரு பூரா எழுதிக்கினுதான இருந்தாங்க, பசங்க எழுதினதோட எழுதினதா போயிடும்னு நெனச்சேன். அந்தப் போட்டோவ இப்பிடித் திருப்புங்க. இந்த ளி-ல சுழியப் பாருங்க, உருண்டு வரல, படியேறி எறங்குது. முப்பது வருசமா கட்டத்துலயே போன கை. அவங்களுக்கும் தெரிஞ்சி போச்சி, பையனுக்கும் தெரிஞ்சி போச்சி. உங்களுக்குத்தான் மூணு தடவ வந்தும் தெரியல.

எங்க, இங்கியா கையெழுத்து? பேரு முழுசா எழுதணுமா? எழுதறேன். கலியாணசுந்தரம்னா சுழி நெறைய வரும். போட்டோவ பக்கத்துலயே வெச்சிக்கினு பாருங்க.