என் கழுத்தில் தொங்கும் சாவி

தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் ரயில் பணிமனைத் தலைவர் அவர்களே! எஞ்சினையும் எங்களையும் ஒரே சுத்தியலால் திருத்தும் மூத்தோர்களே! எங்கள் சட்டையின் கிரீஸைத் திட்டிக்கொண்டே துவைக்கும் தாய்மார்களே! வணக்கம்.

ஒரு மாபெரும் அறிவிப்பு. இன்று காலை முதல், மின்பிரிவுப் பயிற்சியாளனாகிய என் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது! அதன் நுனியில் ஒரு சாவி!

யாரது, "மாட்டுக்குக் கட்டுற கயிறாடா?" என்பது? ஆமாண்ணே, உங்களுக்கு வாங்கின கடையிலதான் வாங்கினேன்!

இந்தச் சாவியின் சரித்திரத்தைத் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். மின்சார எஞ்சினுக்குள் வேலைக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சுவிட்சுக் கைப்பிடியில் தன் பூட்டை மாட்ட வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் மின்சாரத்தைத் திரும்பப் போட முடியாது. உள்ளே நான்கு பேர் என்றால் வெளியே நான்கு பூட்டு. வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும், அடுத்தவர் தொடக்கூடாது. அந்தப் பூட்டுக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. திறந்திருந்தால் சாவியை விடாது. பூட்டினால்தான் சாவி கைக்கு வரும்.

போன வாரம் ஓர் எஞ்சின் தயார். ஓட்டுநர் ஏறிவிட்டார். நிலையத்தில் பயணிகள் காத்திருக்கிறார்கள். எல்லாப் பூட்டையும் எடுத்தாயிற்று, ஒன்றைத் தவிர. யாருடையது? அடியேனுடையது!

"கட்டரை எடுத்துட்டு வா, வெட்டிடலாம். பய வீட்டுக்குப் போயிருப்பான்," என்றார் ஷிப்டு மேலாளர்.

அதே பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் அக்கா, பூட்டின் முன்னால் போய் நின்றாள்.

"உள்ள இருந்தான்னா, சார்?"

"எத்தனை தடவை கூப்பிட்டாச்சும்மா! சத்தமே இல்லையே!"

"மயங்கிக் கெடந்தா சத்தம் எப்படி வரும்? நான் பார்க்குற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது."

மோட்டாருக்கு அடியில் தவழ்ந்தாள். கூரைமேல் ஏறினாள். கேபிள் சந்துக்குள் தலையை விட்டு என்னைக் கூப்பிட்டாள்.

எத்தனை பெரிய எஞ்சின்! எத்தனை பேர் அவசரம்! அத்தனையையும் நிறுத்தியது எது? உள்ளங்கையில் அடங்கும் ஒரு பூட்டு! உள்ளே இருப்பவன் பயிற்சியாளனா, தலைவரா என்று அது கேட்டதா? ஒருவன் இருக்கலாம் என்ற சந்தேகம் போதாதா? தாமதமான ரயில் வந்து சேரும். கருகிப்போன கை வந்து சேருமா?

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? முடிவெட்டும் கடையில். பாதி வெட்டிய தலையோடு பிடித்து வந்தார்கள். அக்கா அடிக்கவில்லை. கிரீஸ் கையால் என் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "பூட்டை எடுடா," என்றாள். அடித்திருக்கலாம்.

அதனால்தான் இந்தக் கயிறு! இனி மறதி என்ற சொல்லையே மறந்தேன்! பூட்டை மறந்து போகும் பிள்ளை இனி நான் இல்லை! சந்தேகமா? இதோ, பாருங்கள், சாவி!

அக்கா ஏன் எழுந்து நிற்கிறாள்? ஏன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறாள்?

ஐயையோ. சாவி கழுத்தில் இருந்தால், பூட்டு...

மூன்றாம் தடத்து எஞ்சினில் தொங்குகிறது, தலைவர் அவர்களே. பேசப்போகும் அவசரத்தில் வந்துவிட்டேன். இந்தத் தடவை முடி வெட்டப் போகவில்லை, சத்தியம்! கைதட்டல் ஏதாவது மிச்சமிருந்தால் அக்காவுக்குத் தட்டுங்கள். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

அண்ணே, கொஞ்சம் வழிவிடுங்க!