இருபது பாட்டும் இரண்டு சிடியும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும்.

"ஸ்டுடியோல சொல்லிப் பத்துப் பாட்ட நீக்கிட்டேன்க்கா," என்றாள் தங்கை.

"எதுக்குடி?"

"நாம பாடின இருபதும் ரெண்டு சிடியா வந்தா யாரும் கேக்க மாட்டாங்க, ஒன்னாச் சுருக்கணும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். எந்தப் பத்து?"

"நான் எழுதின பத்தும். உன்னோடதுதான் நல்லாருக்கு."



"அடியே, என்னோட பத்தையும் எடுத்துரச் சொல்லி நான் காலையிலயே ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணிட்டேன்டி."

"அப்ப சிடில என்னக்கா இருக்கும்?"

அக்கா அவசரமாக ஸ்டுடியோவுக்கு மறுபடி போன் போட்டாள். "அண்ணே, எதையும் எடுக்காதீங்க. ரெண்டு சிடியாவே வரட்டும்."

"அம்புட்டையும் யாருக்கா கேப்பா?"

"அதான்டி எனக்கும் தெரியல."