ஏச்சு வாங்க ஒரு வழக்கு

“நான் ஃபைன் கட்டேல்லை. கோர்ட்டுக்குத்தான் போறன்.”

ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோழிகள். குடிக்கச் சட்டம் விடும் பத்தொன்பது வயதாகுமுன் பார்க்கில் பியர் குடித்ததற்குப் பொலிஸ் எழுதிய அபராத டிக்கெட் ஒருத்தியின் மடியில் கிடந்தது.

“நீ குடிச்சனிதானே? அங்க போய் என்னத்தைச் சொல்லப் போறாய்?” என்றாள் மற்றவள்.

“குடிச்சனான் எண்டுதான். கோர்ட் எண்டால் அப்பா மிசிசாகாவில இருந்து வருவார்.”

“உன்ர கிராஜுவேஷனுக்கே அவர் வரேல்லையேடி.”

“அங்க அம்மா நிண்டவா. உந்த டிக்கெட் விசயம் அம்மாவுக்குத் தெரியாது.”

“வந்தால் நல்லா ஏசுவார்.”

அவள் டிக்கெட்டைக் கசங்காமல் மடித்துப் பையில் வைத்தாள்.

“ஏசட்டும். அவரிட்ட ஏச்சு வாங்கி மூண்டு வருசமாச்சு.”