ஓசோன் போட்ட தண்ணீர்

அந்தத் துண்டுகள் நீலமா பச்சையா என்று இப்போது எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் துவைத்து மடித்து வைத்தவள் நான்தான். ஆனாலும் நினைவு வழுக்குகிறது. மற்றதையும் கொஞ்சம் முன்பின்னாகச் சொல்லக்கூடும். பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கே சொல்கிறேன்.

எங்கள் விடுதி சிறியது. மாமனார் கட்டியது, என் கணவரும் கொழுந்தனும் நடத்தினார்கள். நடத்தினார்கள் என்பது பேச்சுக்கு. என் கணவர் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார், கொழுந்தன் வாசலில் நின்று வாய்ச்சவடால் அடிப்பான், ஓரகத்தி அதற்கு ஒத்து ஊதுவாள். மீதியெல்லாம் நான். பின்புறம் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. அடியிலிருந்து காற்றும் தண்ணீரும் பீறிட்டு அடிக்கும். விருந்தினர்கள் அதில் கழுத்தளவு மூழ்கி, வெந்த கிழங்கு போலப் பளபளத்து, ஓயாமல் பேசுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து படிப்பேன். அத்தனை பேச்சில் ஒரு வார்த்தையாவது யாருக்காவது தேவைப்பட்டதா என்று யோசித்திருக்கிறேன்.

பிறகுதான் கொழுந்தன் ஓசோன் இயந்திரத்தை வாங்கினான். காற்றிலிருந்து ஓசோன் செய்து, குமிழிகளாகத் தண்ணீருக்குள் அனுப்பும், கிருமிகளைக் கொல்லும். நல்ல இயந்திரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். மாட்ட வந்த மெக்கானிக் தெளிவாகவே சொன்னார்.

"இது வந்த வேலைய முடிச்சிட்டுப் போயிடும்ங்க. சூடான தண்ணியில நிக்கவே நிக்காது. அதனால கொஞ்சம் குளோரின் எப்பவும் இருக்கணும். முன்ன போட்ட அளவு வேணாம். ஆனா அடியோட நிறுத்திடாதீங்க."

கொழுந்தன் கைப்பேசியில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்து, "சரிங்க, சரிங்க" என்று கையை ஆட்டினான். மறுநாளே வாசலில் பலகை வந்துவிட்டது: மருந்தே இல்லாத தண்ணீர். வரவேற்பு மேசையில் தினமும் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைப்பான். "பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்குன்னு." வந்தவர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்று நம்புகிற கூட்டம்.

குளோரினை நான் போட்டேன். ஆட்கள் எழுந்து போனதும் ஒரு கரண்டி. யாரிடமும் சொல்லவில்லை. தம்ளர் தெளிவாகவே இருந்தது. பாராட்டு கொழுந்தனுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒருநாள் ஓரகத்தி என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். குளோரின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் விருந்தினர்கள் முன்னால் வைத்தாள்.

"என்னக்கா இது? நாங்க மருந்தில்லாத தண்ணின்னு வாய் வலிக்கச் சொல்லிட்டிருக்கோம், நீங்க பின்னாடி வந்து இதைக் கொட்டறீங்களா?"

"போடச் சொன்னதே அந்த மெக்கானிக்தான்" என்றேன்.

"படிச்சுப் படிச்சு அண்ணிக்கு முத்திப் போச்சு." கொழுந்தன் எல்லாரையும் பார்த்துக் கண்ணடித்தான். "ஓசோனுக்குத் தனியாப் போகப் பயமாம், துணைக்கு ஆள் அனுப்பறாங்க."

கூடமே சிரித்தது. என் கணவர் சமையலறைக்குள் போய்விட்டார். மாமனாரும் சிரித்தார். "விடும்மா, சின்னவன் பாத்துக்குவான். நீ துண்டை மடி."

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் என்னோடு பேசாமல் உட்காரத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். மூட்டுவலிக்காகக் காலையில் தொட்டியில் இறங்குவார். நான் பக்கத்தில் படித்துக்கொண்டிருப்பேன். புகைத்துப் புகைத்து நுரையீரல் பாதி போயிருந்தது.

"சரி மாமா" என்றேன். அன்றோடு நிறுத்தினேன். சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் தண்ணீர் பீறிடும் துளைகளின் உள்பக்கம் விரலுக்கு வழவழவென்று பட்டது. தம்ளர் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. சில நாள் நானே பிடித்து வைத்தேன். வெதுவெதுப்பில் வளரும் கிருமி திவலையோடு மூச்சில் ஏறும் என்று படித்திருந்தேன். என் கணவரின் முதுகில் படை இருப்பதாகச் சொல்லி, அவரைத் தொட்டிப் பக்கமே விடவில்லை. என் நாற்காலியையும் வெளிக்காற்று வரும் கதவோரம் நகர்த்திக்கொண்டேன்.

மாமனார் இருமத் தொடங்கினார். "குளிர் பிடிச்சிருக்கு போலம்மா. குமிழியைக் கொஞ்சம் கூட்டி விடேன்."

கூட்டினேன். திவலை அவர் முகத்தை மூடியது. அது எங்கே போகும் என்று தெரிந்துதான் கூட்டினேன். "சுகமா இருக்கு" என்றார். நான் பக்கத்தைப் புரட்டினேன். அதன்பின் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. நல்ல காலைப்பொழுது அது.

ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். ஒருமுறை சொன்னேனே. ஒன்றையே இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. டப்பாவும் அதே அலமாரியில்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

இப்போது நானாக ஏன் வந்தேன் என்றும் கேட்டீர்கள். குளோரினை நிறுத்தியது தன் மடத்தனம்தான் என்று கொழுந்தன் உங்களிடம் அழுதிருக்கிறான். அவனுக்கு அவ்வளவு தெரியாது. தெரிந்து செய்தவள் நான். இதிலும் பேர் அவனுக்கே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மாமனார் ஆஸ்பத்திரியில், மூச்சுக்குப் பொருத்திய குழாயோடு இறந்தார். விருந்தினர்களில் ஒரு பள்ளி ஆசிரியையும், புதிதாக மணமான ஒருவரும் வீடு திரும்பிய பின் இறந்தார்கள். கொழுந்தன் உங்கள் காவலில் இருக்கிறான். ஓரகத்தி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விடுதி மூடிக்கிடக்கிறது. என் கணவரிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குள் இவ்வளவு புரிதல் இதற்குமுன் இருந்ததில்லை.