கோல்டு ரூம் கோளாறு

...கதவைச் சாத்துங்க தம்பி, குளிரு வெளியில போகுது. போனாத்தான் என்ன, உள்ள இருக்கறது பூரா குப்பைக்குத்தான். இருந்தாலும் பழக்கம். நீங்க மெஷினைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். காது சும்மாதானே இருக்கு.

இந்த மாம்பழத்தோட மூஞ்சியைப் பாருங்க. யானைத் தோலாட்டம்! வெட்டினா உள்ள வெளுத்துக் கெடக்கு. வாசனையா? சோப்புக்கட்டி தேவலாம்.

கவனிக்காம ஒண்ணும் விடலை. காம்போட பறிச்சு, இங்க வந்து காம்பைக் கிள்ளி, தலைகீழாக் கவுத்துப் பாலை வடிய விட்டோம். பால் பட்டா தோலு கருகிடும்ல? அப்புறம் பூசணம் பிடிக்காம இருக்க அளவான சுடுதண்ணியில முக்கி, ஃபேனுக்கடியில உலர்த்தி... பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டினதில்ல. என் பொண்ணே சொல்றா.

எல்லாம் பண்ணி இந்த ரூமுக்குள்ள அடுக்கினோம். அடுக்கினோமா? எங்க வீட்டு அண்ணனும் தம்பியும் ஆரம்பிச்சுட்டாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு, குளிர வச்சா எதுவும் கெடாதுன்னு ஒரே பிடி. மாங்காய் என்ன ஐஸ்கட்டியா? அளவுக்கு மீறிக் குளிர்ந்தா அப்புறம் அது பழுக்கவே பழுக்காது. கொழுந்தன் அதைத்தான் சொன்னார். சொன்னவர் சும்மா இருந்தாரா? ஒரேயடியா சூட்டை ஏத்திட்டார், ஒரு மூலை பூரா கொழகொழன்னு போச்சு. அதைப் பார்த்து இவர் இன்னும் கீழ இறக்கினார். அவர் வந்து ஏத்துவார், இவர் வந்து இறக்குவார். ஒரு வார்த்தை பேசிக்கறதில்ல. இந்தக் குளிரு கூட்டிக் குறைக்கற திருகைத் திருப்பிட்டுப் போயிடறது.

சாப்பிடறப்பவும் அதே கதைதான். எதிரெதிர உக்காந்துக்கிட்டு, "உன் கொழுந்தன்கிட்ட உப்பை நகர்த்தச் சொல்லு"ம்பார் இவர். உப்பு அவர் கைக்குப் பக்கத்துல இருக்கும். நான் அடுப்படியிலிருந்து ஓடி வரணும். மத்தளத்துக்காவது ரெண்டு பக்கமும் அடிச்சா சத்தம் வரும், எனக்கு அதுவும் இல்ல.

பிரிஞ்சுக்கலாம்னு பேச்சு வந்துடுச்சு. ஷெட்டு நடுவுல சுவராம். கொத்தனார் வந்து நூல் பிடிச்சார். சுவரு சரியா இந்தக் கதவுக்கு நடுவுல வருது. யாரு எந்தப் பாதி வழியா உள்ள போறது?

அப்புறம்தான் லாரி வந்துச்சு. மொத்தமா வாங்கறவர் பெட்டியைத் திறந்தார், ஒண்ணை அமுக்கினார், மோந்தார்... லாரியைத் திருப்பிட்டார்.

ரெண்டு பேரும் இந்தப் படியில உக்காந்துட்டாங்க. பிறகு கொழுந்தன், "மெஷின்ல ஏதோ கோளாறுண்ணே"ன்னார். இவர், "நானும் அதான்டா நினைச்சேன்"ன்னார். உள்ள நின்ன நான் கதவுகிட்ட வந்து எட்டிப் பார்த்தேன் தம்பி. காதால கேட்டும் நம்ப முடியலை.

அன்னிக்கிலிருந்து ஓயாத பேச்சு! டீ குடிக்கறப்போ மெஷினைத் திட்டறாங்க, சாப்பிடறப்போ திட்டறாங்க. உப்பு தானா நகருது. கொத்தனாரை வரவேணாம்னுட்டாங்க.

என்ன, தலையை ஆட்டறீங்க? ஒரு கோளாறும் இல்லையா? இல்லைன்னு எனக்குத் தெரியாதா! அவங்களுக்கும் தெரியும். அட, உங்க டூல்ஸ் பெட்டியை மூடாதீங்க தம்பி. இந்தத் திருகு மேல ஒரு மூடி போட்டுப் பூட்டிடுங்க, சாவி என்கிட்ட இருக்கட்டும். அடுத்த லோடு எப்படிக் கெடுதுன்னு பார்த்துடறேன்.

அதோ... ரெண்டு பேரும் வர்றாங்க. சேர்ந்து வர்றாங்க, பாருங்க!

வாங்க, வாங்க. பெரிய கோளாறாம். உள்ள ஏதோ பார்ட்டு போச்சாம்... என்ன பார்ட்டு சொன்னீங்க தம்பி?