ஜிஷாவின் குழி காலி

— பின்னே, கர்த்தருக்க உடம்ப சீஷனுங்க திருடிட்டாங்கன்னு சொல்லுகவன் ஒண்ணு யோசிக்கணும், சரசம்மா. பதினோரு பேரு. அடி வாங்கினாங்க, செத்தாங்க. ஒருத்தனும் மாத்திச் சொல்லல்ல. பொய்க்கு எவன் சாவான்? நாளைக்கு ஈஸ்டர் ஆராதனை முடிஞ்சதும் இந்தத் தாள்ல எழுதினதத்தான் பேசப்போறேன். கேட்டியா?

— கேட்டேன், அண்ணே. எம்மவ குழி காலியா கெடக்கு.

— என்னது?

— காலையில சிலுவைக்கு வெள்ளையடிக்கப் போனேன். சிலுவை இல்ல. தோண்டிப் போட்டிருக்கு. ஜிஷா இல்ல.

— வரிசை மாறிப் பாத்திருப்ப.

— ஆறு வருஷமா போறேன்.

— தனியாவா போன? கூட யாரும் பாக்கல்லியா?

— மகதலேனா மரியாளும் தனியாத்தான் போனா. அவ சொன்னத உங்க தாள்ல எழுதி வச்சிருக்கீங்க.

— அது வேற, பிள்ளே. அந்தக் காலத்துல பொம்பள சாட்சி எடுபடாது. கட்டுக்கதைன்னா ஆம்பளைய நிறுத்தியிருப்பான். அதனாலதான் அது நெசம், கேட்டியா.

— அப்ப நான் சொல்லுகதும் நெசம். யாரு எடுத்தது?

— செரி. கமிட்டி தீர்மானம். இடம் இல்ல. பழைய குழிய ஒழிச்சு எலும்ப அஸ்திக்குழியில போடுகோம். எல்லா ஊருலயும் உள்ளதுதான்.

— தீர்மானத்துக்குக் கீழ செக்ரட்டரி வேதமாணிக்கம்னு உங்க கையெழுத்து இருக்குமே.

— நோட்டீஸ் போட்டோம்.

— மலையாளத்துலயா? எனக்குத் தமிழ் மட்டும்தானே வாசிக்கத் தெரியும்.

— இங்கிலீஷ்லயும்.

— உங்க கமிட்டியும் பதினோரு பேருதான். ஒருத்தனும் எங்கிட்ட வாய் தொறக்கல்ல. அங்க செங்கல் இறக்கிக் கெடக்கே, யாருக்கு?

— குடும்பக் கல்லறை.

— எந்தக் குடும்பம்?

— நம்ம குடும்பம்தான். எனக்கும் உன் மைனிக்கும். உனக்கும் ஒரு அறை சொல்லியிருக்கேன், கேட்டியா.

— தூ!

— சரசம்மா, இது சபை ஆபீஸ்!

— எம்பிள்ளையக் குப்பை மாதிரி கொட்டிட்டு, அவ படுத்த எடத்துல எனக்குப் பாய் விரிக்கீங்க.

— எலும்புல என்ன இருக்கு? ஆத்துமா கர்த்தர்கிட்ட போயாச்சு.

— அப்ப கர்த்தருக்க உடம்புக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு தாளு?

— கத்தாத. முப்பது வருஷம் காலேஜுல ஹிஸ்டரி எடுத்தவன் நான். அந்தக் குவியல்ல யாரு எலும்பு எதுன்னு இனி எவனும் சொல்ல முடியாது. ஆதாரம் இல்லாம கமிட்டியில நான் என்ன பேச?

— காயத்தத் தொடாம நம்பமாட்டேன்னு சொன்ன தோமா மாதிரி கேக்கீங்க.

— தோமா கேட்டதுல தப்பில்ல. தொடுன்னு கர்த்தரே சொன்னாரு.

— அஸ்திக்குழியில இறங்கினேன், அண்ணே. இந்தத் துணியப் பிரிங்க. துடையெலும்பு. அதுல தகடும் ஏழு ஸ்க்ரூவும் இன்னும் இருக்கு. தம்பானூர்ல ஜிஷாவ பஸ்ஸு இடிச்ச அன்னைக்கு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நீங்க. தொடுங்க.